மேளம் எங்கடா?

கூட்டம் எழுந்திருக்க ஆரம்பித்துவிட்டது.

அபிஷேகப்பாக்கம் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றி முடிந்த சாயங்காலம். கச்சேரி என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். மேடையில் பார்த்தால் ஒரு பெண், ஒரு மைக், ஒரு லேப்டாப். அவ்வளவுதான். பெண்ணின் பெயர் அபிதா, மடுகரையிலிருந்து வந்திருந்தாள்.

"எதையும் முன்னாடியே பதிஞ்சு வெக்கலீங்க. இங்க கேக்குற சத்தத்த லேப்டாப்புல புடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, இங்கியே பாட்டாக்கப் போறேன். எல்லாம் லைவ்" என்றாள்.

கை தட்டச் சொன்னாள். ஒருவரும் தட்டவில்லை. வயிறு நிறையக் கூழ் குடித்த ஜனம் கொட்டாவிதான் விட்டது.

விழாத் தலைவர் புகழ்வேந்தன் மேடையோரம் வந்து, ஜனம் உட்காராவிட்டால் சினிமாப் பாட்டு போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏற்கெனவே இரண்டு ஊரில் அவளைப் பாதியில் இறக்கிவிட்டிருந்தார்கள். இங்கேயும் இறக்கினால் அப்புறம் யார் கூப்பிடப் போகிறார்கள்?

அப்போதுதான் பின்னால் ஒரு பெரியவர் எழுந்தார். வெளியூர் ஆள். லேசாகத் தள்ளாடினார்.

"கச்சேரின்னு சொல்லிட்டு இன்னா இது? மேளம் எங்கடா?"

கிளம்பியவர்கள் நின்றுவிட்டார்கள். சண்டை என்றால் யார் வீட்டுக்குப் போவார்கள்?

"பெரியவரே, முன்னாடி வாங்க. அதையே மைக்ல சொல்லுங்க" என்றாள் அபிதா.

அவரும் சளைக்கவில்லை. தள்ளாடிக்கொண்டே வந்து, "மேளம் எங்கடா?" என்று கத்தினார்.

அபிதா ஒரு பட்டனைத் தட்டினாள். "மேளம் எங்கடா, மேளம் எங்கடா" என்று அவர் குரலே திரும்பத் திரும்ப ஒலித்துத் தாளமாகிவிட்டது. அதன் மேல் ஒரு ஹம்மிங்கை ஏற்றினாள். பெண்கள் பக்கமிருந்து சிரித்துக்கொண்டே யாரோ குலவையிட, அதையும் பிடித்துப் போட்டாள். கைத்தட்டல் தானாக வந்தது. போனவர்களெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

புகழ்வேந்தன் மட்டும் பெரியவரை விடவில்லை. சட்டையைப் பிடித்துக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"தனியா ஒரு பொண்ணு மேடையில நிக்குது. உன் வூட்டுப் பொண்ணா இருந்தா இப்படிக் கத்துவியா?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். தள்ளாடிக்கொண்டே நடையைக் கட்டினார்.

கச்சேரி முடிந்ததும் புகழ்வேந்தன் அபிதாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அடுத்த வருஷமும் நீதான் என்று மேடையிலேயே அறிவித்தார். அந்தக் குடிகாரனை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஆறுதலும் சொன்னார். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு வேகமாகக் கிளம்பினாள்.

ஊர் எல்லையில் அந்தப் பெரியவர் மொபெட்டோடு நின்றிருந்தார். தள்ளாட்டமெல்லாம் போன இடம் தெரியவில்லை. செல்லப்பன், அவளுடைய மாமனார்.

கிழிந்திருந்த சட்டையைப் பார்த்ததும் அபிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடுத்த ஊர்ல நீங்க கத்த வேணாம் மாமா. உங்க குரல வூட்லயே பதிஞ்சு எடுத்தாந்துடறேன்."

செல்லப்பன் வண்டியைக் கிளப்பினார்.

"அது ஏமாத்து வேலம்மா. லைவுன்னு சொல்லிட்டு, பதிஞ்சத போடலாமா?"