இலவசமே போதும்

“இலவச மென்பொருள்ல வெறும் பைபிள் வசனம்தான் இருக்கு. காசு குடுத்து வாங்கினா நூறு விளக்கவுரை, வரைபடம், அகராதி எல்லாம் வரும். பிரசங்கத்துல இன்னும் ஆழமாப் போகலாம்,” என்றார் போதகர்.

“இன்னுமா?” என்றார் சபைப் பொருளாளர். “இலவசமே போதும் பாஸ்டர்.”

வீட்டுக்கு வந்த போதகர் மனைவியிடம் பொருமித் தீர்த்தார். “வேதம் படிக்கக் கேட்டாக்கூட கை வரலையே இந்தக் கஞ்சங்களுக்கு!”

“மனசைத் தளர விடாதீங்க,” என்றாள் அவள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளர் சிரித்த முகமாய் வந்தார். “சபையார் ஆளாளுக்குப் போட்டதுல, நீங்க கேட்ட மென்பொருளோட விலைக்கு மேலேயே சேர்ந்துடுச்சு பாஸ்டர்.”

போதகருக்குக் கண் கலங்கியது. இவர்களையா கஞ்சர்கள் என்றோம் என்று மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். “அப்போ இன்னைக்கே வாங்கிடலாமா?”

“பணத்தை அந்த இலவச மென்பொருள்காரங்களுக்கே நன்கொடையா அனுப்பிட்டோம். அவங்க நொடிச்சுப்போய் இழுத்து மூடிட்டா, நீங்க அந்த நூறு விளக்கவுரையை வாங்கிடுவீங்களே! இப்பவே நீங்க ஆமென் சொல்றதுக்குள்ள பிள்ளைங்க ரெண்டு தூக்கம் போட்டு எழுந்துடுதுங்க.”

போதகர் நிதானமாகக் கேட்டார். “இது யார் குடுத்த யோசனை?”

பொருளாளர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “முதல் ஆளாப் பணம் போட்டதே உங்க வீட்டம்மாதான் பாஸ்டர்.”