உள்ளே மாட்டிய மாமா

"தண்ணி வரலைங்க!"

கக்கூசுக்குள் இருந்து கத்தியவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. பெண் பார்க்க வந்து கூடத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

தங்கராசு மகளை முறைத்தார். "டவுன்ஷிப் முழுக்க தண்ணி வுடுற என்ஜினியரு நீ. நம்ம வூட்லயா இப்பிடி மானம் போவணும்?"

பட்டுப்புடவையோடு எழில்மதி பம்ப் ஹவுஸுக்குப் போன் போட்டாள். "அய்யனார் அண்ணே, சுரங்கத்துலேருந்து வர்ற மைன்ஸ் தண்ணி நின்னுபோச்சா? போர் தண்ணிய எங்க பிளாக்குக்குத் திருப்பி வுடுங்க."

"மைன்ஸ், போர், ஏரி மூணும் ஓடிகினுதான் இருக்கு மேடம்."

அவள் மாடிக்கு ஓடிப் பார்த்தாள். மேல்தொட்டியும் காலி. காலையில் தங்கராசு அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் பலாமரத்துக்குப் பாய்ச்சியிருந்தார். பக்கத்து வீட்டிலோ பூட்டு.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்றார் மாமா, பரிதாபமாக.

அம்மா ருக்குமணி ஃப்ரிட்ஜிலிருந்த பாட்டிலைக் கதவிடுக்கில் நீட்டினாள். சற்று நேரத்தில் உள்ளே ஓர் அலறல் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். "கல்யாணத்துக்கப்பறம் இந்த பைப்பு, பம்ப்பு வேலையெல்லாம் வேணாம், வூட்ட பாத்துகினு இருந்தா போதும்னு அப்பா, பொண்ணு ரெண்டு பேருகிட்டயும் நேத்தே போன்ல சொன்னேன். சொந்த வூட்டுக்கே தண்ணி கொண்டார தெரியல. இவ எங்க வூட்டுக்கு வந்து என்னத்த கிழிக்கப்போறா?"

நேற்று போலவே இன்றும் எழில்மதி வாயைத் திறக்கவில்லை. அப்பா பார்த்த வரனாயிற்றே.

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வேனில் ஏறினார்கள். முதல் ஆளாக ஏறியவர் மாமாதான், நடுங்கிக்கொண்டே.

வரன் போனதில் எழில்மதிக்கு உள்ளூர நிம்மதி. ஆனால் மூன்று தண்ணீரும் ஓடியும் தன் வீட்டுக்கு வராதது அவளைக் குடைந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பைப் லைனைப் பார்க்க வாசலுக்கு ஓடினாள்.

அங்கே கேட்டோரம் குத்துக்காலிட்டு தங்கராசு எதையோ திருகிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் கொட்டத் தொடங்கின.

"அப்பா... நீங்களா?"

தங்கராசு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேலைய வுட மாட்டேன்னு அடுத்த தபா நீயே வாயத் தொறந்து சொல்லிடும்மா. ஒவ்வொரு மாப்ளைக்கும் நானே வால்வ மூடிகினு இருக்க முடியுமா?"