நாற்பத்தாறாம் நம்பர் மாப்பிள்ளை

“இதில எவர் அக்கா உங்கட மகன்?”

சோபாவின் நுனிக்கு நகர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்தபடி கேட்டாள் நாகலட்சுமி. அவளும் கணவர் கிருஷ்ணமூர்த்தியும் ஹம்பேர்க்கிலிருந்து ரயிலேறி பிராங்பேர்ட் வந்திருந்தார்கள். போன கிழமை ரெலிபோன் எடுத்து, “உங்கட மகனைப் பற்றிக் கேள்விப்பட்டம், எங்களுக்கும் தேனுஜா எண்டு ஒரு மகள் இருக்கிறாள், ஒருக்கா வரலாமோ” என்று கேட்டது அவர்கள்தான். வருகிற நாளைத் தெரிந்தெடுத்ததும் அவர்களே.

திரையில் அமெரிக்கன் புட்போல் இறுதி ஆட்டம், அதே ஊர் மைதானத்திலிருந்து நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தா, நாப்பத்தாறாம் நம்பர்,” என்றாள் யோகம். அந்த நம்பரை அவள் அப்போதுதான் கண்டாள்.

“முகம் தெரியேல்லையே.”

“ஹெல்மெட்டுக்குள்ள எப்பிடித் தெரியும்? முன்னுக்குக் கம்பியும் அடிச்செல்லோ கிடக்கு.”

“முதுகில வேற என்னவோ பேர் கிடக்கு,” என்றார் கிருஷ்ணமூர்த்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு.

“துவாரகன் எண்டு வெள்ளையளுக்கு வாயில வராது அண்ணை. தங்கட வசதிக்கு ஒரு பேரைப் போட்டிருக்கினம்.”

“ஓம் ஓம். என்னையும் வேலையில கிறிஸ் எண்டுதான் கூப்பிடுறவங்கள்.”

சோதிலிங்கம் மனைவி யோகத்தைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“உனக்கு விசரே? பெடியன் மைதான வாசலில பாணுக்குள்ள வைக்கிற வூர்ஸ்ட் இறைச்சியெல்லோ சுட்டு விக்கிறான்.”

“வூர்ஸ்ட் சுடுறவனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கப்போகினம்? மகனுக்கு எங்க வேலை எண்டு கேட்டினம். மைதானத்தில எண்டன். விளையாடுறவரோ எண்டு அவையளே கேட்டினம். நான் ஓம் எண்டன், அவ்வளவுதான்.”

“நாளைக்குத் தெரியவந்தால்?”

“தாலி ஏறினாப் பிறகு தெரியட்டும். இப்ப இந்த ரோல்ஸைக் கொண்டு வாங்கோ.”

அவர்கள் திரும்பி வந்தபோது கிருஷ்ணமூர்த்தி மிகவும் குழம்பிப்போய் இருந்தார்.

“புட்போல் எண்டுறியள், பந்தைக் கையில காவிக்கொண்டெல்லோ ஓடுறாங்கள்.”

“அது அமெரிக்கன் முறை.”

“நாலடி ஓடினவுடன ஒருத்தனுக்கு மேல ஒருத்தன் விழுறாங்கள். பிறகு எழும்பிக் கூட்டமா நிண்டு கதைக்கிறாங்கள். திருப்பியும் விழுறாங்கள். எங்கட கோயில் நிர்வாகக் கூட்டம் மாதிரிக் கிடக்கு.”

“தம்பி இன்னும் பந்தையே தொடேல்லைப் போல,” என்றாள் நாகலட்சுமி ரோல்ஸைக் கடித்தபடி.

“அவன் மற்றவைக்கு விட்டுக்குடுத்துப் பழகினவன். நாங்கள் அப்பிடித்தான் வளத்தனாங்கள்.”

சொல்லி வாய் மூடவில்லை, நாற்பத்தாறாம் நம்பரின் கைக்குப் பந்து வந்தது. அவன் ஓடினான். மூன்று பேர் பாய்ந்து விழுந்தார்கள். மூன்று பேரும் எழும்பினார்கள். நாற்பத்தாறு முழங்காலைப் பிடித்தபடி கிடந்தான், எழும்பவில்லை. ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

நாகலட்சுமி திரும்பி யோகத்தைப் பார்த்தாள். கிருஷ்ணமூர்த்தியும் பார்த்தார். இருவரும் பார்த்தபடியே இருந்தார்கள்.

யோகத்துக்கு ஒரு கணம்தான் எடுத்தது. ரோல்ஸ் தட்டைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“என்ர ராசா, பாலும் முட்டையும் தந்து வளத்த காலெல்லோ! வேண்டாம் வேண்டாமெண்டு சொன்னனே, கேட்டியே?”

கண்ணீர் கொட்டியது. மூக்கும் ஓடியது. சோதிலிங்கமே ஒருதரம் பயந்துபோய்த் திரையை உற்றுப் பார்த்தார்.

நாகலட்சுமி கைப்பையிலிருந்து மூக்குத் துடைக்க ரிசுப் பேப்பர் எடுத்துக் கொடுத்தாள். கிருஷ்ணமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

“குறை நினையாதையுங்கோ அண்ணை. முழங்கால்தான் போயிருக்கு. நொண்டிற மாப்பிள்ளைக்கு நாங்கள் எப்பிடிப் பொம்பிளை குடுக்கிறது?”

குழாயைப் பூட்டியது போல அழுகை நின்றது.

“அது என்ர மகன் இல்லை,” என்றாள் யோகம்.

“கால் முறிஞ்ச கையோட பிள்ளையே இல்லையெண்டுறியளோ அக்கா?”

“சத்தியமா இல்லை. பாருங்கோ அங்க.”

ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார்கள். சோளப்பொத்தி நிறத்தில் தலைமயிர் வெளியே வந்தது.

“அப்ப தம்பி எந்த நம்பர்?”

“ஒரு நம்பரும் இல்லை,” என்றார் சோதிலிங்கம். தலையைக் குனிந்துகொண்டார். “வாசலில வூர்ஸ்ட் சுடுறான். ரெண்டு காலும் நல்லாக் கிடக்கு. வேணுமெண்டால் இப்பவே போய்ப் பாப்பம்.”

கிருஷ்ணமூர்த்தி எழுந்து ஜாக்கெட்டைப் போட்டார். நாகலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னாள்:

“தெரியும் அண்ணை. இஞ்ச வந்து அவருக்குப் பக்கத்தில நிண்டு பாண் வெட்டிக் குடுக்கிறது எங்கட தேனுஜாதான். ரெண்டு பேரும் போன மாசமே நகரசபையில கலியாணம் எழுதிப்போட்டினம். உங்களுக்குச் சொல்லத் தம்பிக்குப் பயம். அருமையான பெடியன், அவரில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.”

யோகம் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “பிறகேன் இஞ்ச வந்தனீங்கள்?”

“நாங்கள் மாப்பிள்ளை பாக்க வரேல்லை அக்கா, மாமியார் பாக்க வந்தனாங்கள். அதுகள் தனிவீடே எடுக்கட்டும். ஆரெண்டே தெரியாதவன்ர காலுக்கு இவ்வளவு அழக்கூடிய ஆளோட என்ர பிள்ளை இருக்க ஏலாது.”