அணைக்காத கணினி

“நேத்துகூட வந்தாரு தம்பி,” என்றாள் நந்தினி.

கணினியைப் பார்க்க வந்த விமல்ராஜ் நிமிர்ந்தான். “யாருக்கா?”

“எங்க வீட்டுக்காரரு.” சுவரில், மாலை போட்ட படத்துக்குள் திருமலை சிரித்துக்கொண்டிருந்தான்.

ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அறை பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். அவன் போன நாளிலிருந்து அவனுடைய கணினியை அவள் அணைக்கவே இல்லை. சாமி விளக்கைப்போல் காத்துவந்தாள். அவளுடைய அண்ணன்தான் கணினிக் கடையில் சொல்லி ஆள் அனுப்பியிருந்தான்.

“யாரும் தொட மாட்டாங்க. அம்புக்குறி தானா நகரும். எங்க கல்யாண போட்டோ ஒண்ணொண்ணா தொறக்கும்.”

விமல்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டான். திரை கடவுச்சொல் கேட்டது, அவளைக் கேட்காமலே தட்டித் திறந்தான். அப்புறம் உள்ளே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். சன்னலுக்கு வெளியே மலைமேல் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

“பேயெல்லாம் இல்லக்கா. எவனோ பின்பக்கமா வழி பண்ணி உள்ள பூந்துட்டான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதான் அப்டேட் ஏறும். நீங்க அணைக்கவே இல்ல, பழைய ஓட்டை அப்படியே கெடக்குது. கேமரா, மைக்கு எல்லாம் அவன் கையில.”

“இப்ப என்ன பண்ணணும்?”

“நெட்ட புடுங்கிட்டு, போட்டோவ மட்டும் எடுத்து வச்சிட்டு, மிச்சத்த அழிச்சுப் புதுசா ஏத்தணும். பாஸ்வேர்ட் எல்லாத்தையும் மாத்திடணும்.”

அவன் கை வயரை நோக்கிப் போனது. நந்தினி குறுக்கே வந்து நின்றாள்.

“வேணாம். திருடன்னா துட்டுதான தேடுவான்? தூக்கம் வரலன்னு இது முன்னாடி உக்காந்து அழுதேன். அவரு சேத்து வச்ச பாட்டு தானா பாடிச்சு. எந்தத் திருடன் ஆறுதல் சொல்லுவான்?”

“சொன்னா கேளுங்கக்கா...”

“அவரு வர்றதுக்கு இது ஒண்ணுதான் வழி. அதையும் அடச்சிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்? நீ கெளம்பு தம்பி.”

விமல்ராஜ் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

“அந்தப் பாட்டப் போட்டது நான்தாங்க்கா.”