கால்ல சின்ன அடி

என்ன முயன்றும் அவளுக்கு அழுகை வரவில்லை. டிவியில் அவள் கணவனின் படத்தைப் போட்டு, 'படப்பிடிப்பில் விபத்து! மருத்துவமனையில் அறிமுக நாயகன்!' என்று அலறிக்கொண்டிருந்தார்கள். அவளோ கண்ணாடி முன் நின்று முகத்தைச் சோகமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என் பிள்ளைக்கு என்னாச்சு!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள் மாமியார்.

"அத்தை, சத்தம் போடாதீங்க. அத்தனையும் பொய்." கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஷூட்டிங் முடிஞ்சதும் படம் வரப்போகுதுல்ல? கால்ல சின்ன அடின்னு நியூஸ் விட்டா நாலு பேர் பேசுவாங்கன்னு, உங்க பிள்ளையும் படத்துக்கு விளம்பரம் பாக்குற அந்த பி.ஆர்.ஓ. தம்பியும் சேர்ந்து போட்ட திட்டம். நிருபருங்க வந்தா நான் அழணுமாம்."

"டிவியில தலையில அடின்னுல்ல சொல்றான்?"

"காலுக்கெல்லாம் எவன் அத்தை பரிதாபப்படுவான்? ஏத்திச் சொல்லியிருப்பாங்க."

"போனையும் எடுக்க மாட்டேங்கிறானே..."

"எடுத்தா குட்டு உடைஞ்சிடாதா?"

பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவளுக்கும் இந்தப் பித்தலாட்டம் பிடிக்கத்தான் இல்லை. ஆனால் எத்தனை படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்ட மனுஷன்! இந்தப் படமும் ஓடாவிட்டால் அவன் உடைந்துபோவான். அவனுக்காக ஒரு பொய் அழுகைகூட அழக்கூடாதா என்ன?

வாசலில் கேமராக்கள் முண்டியடித்தன. கண்ணில் கிளிசரினைத் தடவிக்கொண்டு போய் நின்றாள். "எல்லாரும் அவருக்காக வேண்டிக்குங்க!" என்று விம்மினாள். ஒரு நிருபர் பெண் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடடா, நானும் நடிக்கப் போயிருக்கலாம் போலிருக்கே என்று அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பி.ஆர்.ஓ. வந்தான். சட்டையெல்லாம் கசங்கி, முகம் வெளிறிப்போயிருந்தது.

"எப்படி தம்பி? பின்னிட்டேன்ல?" என்றாள்.

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அட, நீங்க எதுக்கு அழறீங்க? கேமராதான் எல்லாம் போயிடுச்சே!"

"அண்ணி... அந்த நியூஸை நாங்க இன்னும் விடவே இல்ல."