நூற்று நாற்பத்தாறு

சுப்ரஜா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! நீங்க பாஸ்!"

சாங்வியில் ஒரு பால் கடைக்கு மேலே இருக்கும் படிப்பறை அது. அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. அவள் கத்தியே விட்டாள். தடுப்புகளுக்கு மேலே தலைகள் எழுந்தன.

அவளுக்கு நூற்று நாற்பத்தாறு வந்திருந்தது. தேற நூற்றைம்பது வேண்டும்.

நான் பிஷ்கெக்கிலும் அவள் திபிலிசியிலும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் இந்த ஒரு பரீட்சையில் தேறினால்தான் இங்கே டாக்டர். எனக்கு இது மூன்றாவது முறை, அவளுக்கு முதல் முறை. அந்த அறையில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வந்த முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

லாக்கரைக் காலி செய்துகொண்டு போகத்தான் வந்திருந்தேன். அவள் இருப்பாள் என்று நினைக்கவில்லை. ரிசல்ட் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முதல் தடவை ஃபெயிலானபோது நான் மூன்று வாரம், தங்கியிருந்த ஆகுர்டி வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

இவள் மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்திருந்தாள்.

படிப்பறையை நடத்துகிற தாம்லே காகாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாஸானவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஏழெட்டுப் பேரைப் பலகைக்கு முன்னால் வரவழைத்து, "ஜெபமணி, லிக்கோ" என்று எழுதச் சொல்லி என்னிடம் மார்க்கரை நீட்டினார்.

அதைச் சுப்ரஜா வாங்கிக்கொண்டாள்.

"அக்கா பிளான் எனக்கு மனப்பாடம். நான் எழுதறேன்."

எழுதினாள். காலையில் முதல் வேலை, நேற்றுத் தப்பாய்ப் போட்ட கேள்விகள். தினமும் நூறு புதிய கேள்விகள். ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் வைத்து ஒரு முழுப் பரீட்சை. எல்லாம் நான் சொன்னவைதான். எல்லாம் உண்மைதான்.

கடைசி வரியாக 'பி.எஸ்.எம். வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

பி.எஸ்.எம். என்பது தடுப்பூசி அட்டவணை, தண்ணீரில் குளோரின், நோய் பரவும் கணக்கு. யாருக்கும் பிடிக்காத பாடம். முந்நூறு கேள்விகளில் முப்பது அதிலிருந்து வரும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வில் அவள் என்னைவிட இருபது மார்க் கூட வாங்கினாள். அன்று மத்தியானம் கீழே வடாபாவ் தின்றுகொண்டிருந்தபோது, பி.எஸ்.எம்.மை எப்போது தொடங்கலாம் என்று கேட்டாள்.

"அத விட்டுரு. நான் ரெண்டு தடவ எழுதிட்டேன்லா, ஒண்ணு ரெண்டுதான் வரும்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வடாபாவோடு சொன்னது. உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளும் திருத்தவில்லை.

அந்தப் பாடத்தை நான் வீட்டில் மூன்று தடவை முடித்தேன். புத்தகத்தைப் படிப்பறைக்குக் கொண்டுவந்ததே இல்லை.

புதியவர்கள் போனை உயர்த்திப் பலகையைப் படம் எடுத்தார்கள். ஓரத்தில் நின்ற ஒரு பெண் கையில் அதே பி.எஸ்.எம். புத்தகம் இருந்தது. பலகையைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் போய் அந்த வரியை உள்ளங்கையால் அழித்தேன்.

'பி.எஸ்.எம். மூன்று தடவை. முப்பது கேள்வி' என்று எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. எழுதி முடித்த பிறகும் திரும்ப முடியவில்லை.

பின்னால் யாரோ மறுபடி படம் எடுக்கும் சத்தம் கேட்டது.

"கடைசி மாசம் பிளானை மாத்திட்டீங்களா, அக்கா?"

சுப்ரஜாதான். மற்றவர்களுக்குப் புரியாத தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

திரும்பினேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. பதில் தெரியாமல் கேட்பவளின் முகமாகவும் அது இல்லை. நான் சொல்ல வேண்டிய பொய்யை எனக்காக அவளே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்றே எழுத்து. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஆமா. ஒங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அவள் தலையாட்டினாள். நோட்டைத் திறந்து, பழைய வரியை அடிக்காமல், அதற்குக் கீழே புதிய வரியை எழுதிக்கொண்டாள்.

புத்தகத்தைப் பைக்குள் வைத்த பெண் அதை வெளியே எடுத்தபடி ஹிந்தியில் கேட்டாள், "தீதி, உங்க ரேங்க் எவ்வளவு?"

சுப்ரஜா நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பதிலாக அவளே ஹிந்தியில் சொன்னாள்.

"இதுல ரேங்க்கே கிடையாது. நூத்தம்பது எடுத்தா எல்லாரும் பாஸ். ஒருத்தர் பாஸானா இன்னொருத்தருக்கு எதுவும் குறையாது."

மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் விண்ணப்பத்தை நிரப்பியபோதே எனக்குத் தெரிந்த விஷயம் அது.