சைலன்சர் ஓட்டை

அன்று சாயங்காலம் பெரம்பலூரில் மீரானின் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். மெக்கானிக் மீரான், பருத்தித் தரகர் செல்லப்பன், மண்டியில் எடை போடும் அமிர்தலிங்கம், சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த ஜபருல்லா.

வண்டிகள் இரண்டு. ஜபருல்லாவின் புத்தம்புது ஜப்பான் வண்டி. அமிர்தலிங்கத்தின் பழைய புல்லட்.

"அண்ணே, சனிக்கிழமை நான் சவூதிக்குக் கிளம்பறேன். இந்த வண்டியை நீங்க வச்சுக்குங்க. புல்லட்டை என்கிட்ட குடுத்துடுங்க. கணக்குத் தீந்துடும்" என்றான் ஜபருல்லா.

"எனக்கு எதுக்குத் தம்பி?" என்றார் அமிர்தலிங்கம் தரையைப் பார்த்தபடி.

"நான் அங்க இருந்தப்ப எங்கம்மா நெஞ்சு வலியில துடிச்சாங்க. நீங்கதானே ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனீங்க? நான் ஆசையா ஒண்ணு குடுத்தா வாங்கிக்கக் கூடாதா?"

செல்லப்பன் ஜப்பான் வண்டியின் டேங்கைத் தடவினார். "ஆக்சிலேட்டரை முறுக்குனா அம்பு மாதிரில்ல போவுது! அந்தக் கிழட்டு இரும்புல என்னய்யா இருக்கு?"

"நான் சொல்றேன்" என்று விரலை மடக்கினார் மீரான். "கிக்கர் திருப்பி அடிக்கிது, அவரு முழங்காலைப் பாருங்க, வீங்கியிருக்கு. கிளட்ச் கேபிள் அறுந்துடுற மாதிரி இருக்கு. செயின் தொங்குது. பிரேக் தேஞ்சு போச்சு. லைட்டு எரியற மாதிரியே இல்ல. சைலன்சர்ல கட்டைவிரல் போற ஓட்டை. ஆக மொத்தம் ஆறு. அந்த ஓட்டையை மட்டும் சும்மாவே அடைச்சுத் தரேன்னாலும் வேணாங்கறாரு."

"அடைச்சா சத்தம் கொறைஞ்சுடுமே! ஊருக்குள்ள நொழையறப்ப படபடன்னு கேட்டாத்தானே மைனருக்கு மரியாதை!" என்றார் செல்லப்பன்.

அமிர்தலிங்கம் மெதுவாகச் சொன்னார். "நான் வர்றது முன்னாடியே தெரியணும்ல."

"பாத்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜபருல்லா சிரிக்கவில்லை. அவனுக்கு மனசு சுருக்கென்றது. வெறும் சத்தத்துக்காகவா என் பொருளை வேண்டாம் என்கிறார்?

"ஒரு தடவை ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே. இப்பவே உங்க வூட்டுல கொண்டுபோய் விடறேன்."

"காலையில போவமே தம்பி. இப்ப பொழுது சாயுது, வேணாம்."

"வேணாம், வேணாம். இதைத் தவிர உங்களுக்கு வேற வார்த்தை தெரியாதா?"

அதற்கு மேல் மறுக்க அமிர்தலிங்கத்துக்குக் கூச்சமாக இருந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

குன்னம் ரோட்டில் வண்டி பறந்தது. தன் ஊருக்கு முந்தின பாலம் தெரிந்ததும் அமிர்தலிங்கம் அவன் தோளைத் தட்டினார்.

"மெதுவாப் போ தம்பி. ஆரன் அடி."

"ரோடே காலியா கெடக்கு, யாருக்கு அடிக்கிறது? பயமா இருக்கா?" ஜபருல்லா இன்னும் முறுக்கினான்.

"தம்பி, சொன்னாக் கேளு!"

பாலத்தைத் தாண்டி வளைவில் திரும்பியது வண்டி. ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டோரம் பாய்ந்தது.

பெண்கள். பத்துப் பேருக்கு மேல் இருக்கும். அலறி அடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். பச்சையம்மாள் என்கிற வயசானவள் கருவை முள்ளின் மேல் போய் விழுந்தாள்.

ஜபருல்லா பதறிப்போய் வண்டியை நிறுத்தி லைட்டை அணைத்தான்.

அந்த ஊரில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் பகல் முழுக்க அடக்கிக்கொண்டு, இருட்ட ஆரம்பித்த பிறகுதான் ரோட்டோரம் வருவார்கள்.

"எவன்டா அவன்? அக்கா தங்கச்சியோட பொறக்கல?" பச்சையம்மாள் முள்ளை உதறிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள்.

"நான்தான் ஆயா, அமிர்தலிங்கம்" என்றார் அவர் வேறு பக்கம் பார்த்தபடி. "முள்ளு ஆழமாப் பட்டுடுச்சா?"

"நீயா? உன் புல்லட்டு எங்க?" பச்சையம்மாளின் கோபம் அழுகையாகிவிட்டது. "அதுன்னா பாலத்துக்கு அந்தாண்ட வர்றப்பவே கேக்குமே. எழுந்து சேலையைச் சரி பண்ணிக்கிட்டு நிப்போம். நீயும் குனிஞ்ச தலை நிமிராமப் போயிடுவ. இந்தப் பாழாப்போன வண்டி, சத்தம் வந்து சேர்றதுக்குள்ள அதுவே வந்து நிக்குதே!"

ஜபருல்லா வண்டியை விட்டு இறங்கினான். ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான். பக்கத்தில் அமிர்தலிங்கம் நொண்டி நொண்டி நடந்தார்.

மறுநாள் காலையில், ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுப்போன புல்லட்டோடு வாசலில் நின்றவன் ஜபருல்லாதான்.

"என்ன தம்பி, வண்டி மாத்திக்க ஒத்துக்கிட்டாராக்கும்?" என்றார் செல்லப்பன்.

"இல்லீங்க. நான்தான் அவரு சொன்னதை ஒத்துக்கிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

ஜபருல்லா மீரானிடம் திரும்பினான்.

"மாமா, எல்லாம் புது சாமானாப் போடுங்க. முக்கியமா அந்தக் கிக்கர். இனிமே அவரு கால்ல அடிக்கக் கூடாது. செலவு என்னோடது."

சாயங்காலத்துக்குள் கிக்கர், கேபிள், செயின், பிரேக், லைட்டு என்று ஒவ்வொன்றாக முடிந்தது. கடைசியில் மீரான் வெல்டிங் குழாயைப் பற்றவைத்துக்கொண்டு சைலன்சர் பக்கம் குனிந்தார்.

ஜபருல்லா குறுக்கே கையை நீட்டினான்.

"அது இருக்கட்டும் மாமா."

ஆறு பழுதில் மிச்சம் ஒன்று.